கரண்டிக்குத் தெரியுமா புரட்டாசி?

என் பாட்டியின் அடுப்படியில் எல்லாமே இரண்டு இரண்டாக இருந்தன. கவுச்சிக் கத்தி வேறு, காய் நறுக்கும் கத்தி வேறு. சைவ அகப்பை சுவரில் சொருகியிருக்கும். கவுச்சி அகப்பை சன்னலுக்கு வெளியே. மீன் குழம்பு வைக்கிற மண்சட்டி பின்கட்டில் ஒரு பலகைமேல் கவிழ்ந்து கிடக்கும். அது நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. அம்மி மட்டும் ஒன்றுதான். அதனால் அதற்குத் தனிச் சடங்கு. மீனுக்கு அரைத்த நாளில் கொதிநீர் ஊற்றி, புளிச்சக்கை போட்டுத் தேய்த்து, மறுபடியும் கொதிநீர் ஊற்றி, கடைசியில் குனிந்து மோந்து பார்த்த பிறகே பாட்டி அதை மன்னிப்பார்.

1970-ஐ ஒட்டிய காலம் அது. பினாங்கு மாநிலத்துப் புக்கிட் தெங்காவைச் சுற்றி அப்போது தோட்டங்கள் இருந்தன. லயத்தில் பாட்டி, பெரியம்மா, அம்மா மூவருக்கும் ஒரே அடுப்படி. வருடம் முழுக்க மூவருக்கும் ஒத்துப்போகாது. ஆவணிக் கடைசி நாளில் மட்டும் அதிசயமாக ஒற்றுமை வந்துவிடும். சாம்பலும் புளியும் தேங்காய் நாருமாகக் குழாயடியில் வரிசையாக உட்கார்ந்து வீட்டிலுள்ள அத்தனை பாத்திரத்தையும் தேய்ப்பார்கள். விடிந்தால் புரட்டாசி. ஒரு மாதத்துக்குக் கவுச்சி கிடையாது. கவுச்சி பட்ட கரண்டியும் கிடையாது.

அப்பாவுக்கு இது பொறுக்காது. தோட்டத்தில் கிராணி வேலை. தமிழ் முரசு படிப்பவர். தன்னைச் சீர்திருத்தக்காரர் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு மிடுக்கு உண்டு. குழாயடியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நின்று கேட்பார்.

"ஏம்மா, கரண்டிக்குத் தெரியுமா இது புரட்டாசின்னு?"

பாட்டி தலை நிமிராமலே பதில் சொல்வார். "கரண்டிக்குத் தெரியாதுடா. திங்கிறவனுக்குத் தெரியும்."

அந்த அப்பாவுக்கு இப்போது தொண்ணூறு வயது. லயம் போயிற்று, தோட்டம் போயிற்று. தொழிற்பேட்டையும் தாமானும் நெடுஞ்சாலையும் அந்த நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. நாங்கள் இருப்பது புக்கிட் தெங்காவிலேயே, ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு வரிசை வீடு. அடுப்படி ஒன்று. அதைப் பங்கிட்டுக்கொள்வது என் மனைவியும் மருமகளும். தேநீர் கலக்குமளவுக்கு எனக்கும் உரிமை உண்டு.

நேற்று நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"டேய்! அது பச்சை டேப் ஒட்டின கத்திடா. ரொட்டி பட்ட கையோட அதைத் தொடாதே!"

புரட்டாசியை நம்பாத என் அப்பாதான்.

மருமகள் சுங்கை பட்டாணிப் பெண். கல்யாணமாகி வந்தபோதே முகம் வெளிறியிருந்தது. இரத்தம் பத்தவில்லை என்று இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள். மாத்திரை தீரும், இரத்தம் ஏறாது; மறுபடி மாத்திரை. சாப்பிட்டால் வயிறு உப்பும். காஸ்திரிக் என்றார் ஒரு டாக்டர். வேலையில் மன அழுத்தம் என்றார் இன்னொருவர். கண்ணேறு என்றார் என் பெரியம்மா மகள். அவருக்கு எல்லா நோயும் கண்ணேறுதான்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. தமிழ் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லையென்றால் என்ன கொடுப்போம்? ரொட்டி. ரொட்டியை முக்கிச் சாப்பிட மால்ட் கலந்த பானம். தோட்டத்துக் காலத்தில் மோட்டார் சைக்கிள் ரொட்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தால், யார் வீட்டில் காய்ச்சல் என்று ரொட்டி வாங்குகிறவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். சோறு நோயாளிக்குக் கனம், ரொட்டி லேசு என்பது எங்கள் மருத்துவம். ஆகவே மருமகளையும் அப்படியே பேணினோம். காலையில் ரொட்டி, மாலையில் கிரீம் கிராக்கர், இரவில் மால்ட் பானம். ரொட்டியும் பிஸ்கட்டும் கோதுமை, மால்ட் வாற்கோதுமை. அவள் குடலை அரித்துக்கொண்டிருந்த பொருளை வேளை தவறாமல், மிகுந்த பாசத்தோடு ஊட்டினோம்.

கடைசியில் ஒரு இளம் மருத்துவர்தான் வேறொரு இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு எண்டோஸ்கோப்பி, சிறுகுடலிலிருந்து துளித் துளியாகத் திசு எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோய்.

கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகியவற்றில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. பரோட்டா மாவை வீசினால் கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவையைத் தருவது அதுதான். பெரும்பாலானோருக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. சீலியாக் உள்ளவர்களுக்கு மட்டும் உடலின் காவல்படை அதைப் பகையாக எண்ணி, அந்தச் சண்டையில் தன் குடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சுகிற நுண்ணிய குடலுறிஞ்சிகள் மழுங்கித் தட்டையாகின்றன. அப்புறம் இரும்புச்சத்து மாத்திரையைத் தின்றும் பயனில்லை, உறிஞ்ச ஆளில்லை. மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டனைத் தொடாதிருப்பது ஒன்றே சிகிச்சை.

தொடாதிருப்பது என்றால் தின்னாமலிருப்பது என்றுதான் நாங்கள் நினைத்தோம். மருமகள் ஆஸ்பத்திரி உணவியல் நிபுணரிடமிருந்து திரும்பி வந்து, ஒரு சனிக்கிழமை முழுக்க அடுப்படியில் பச்சை டேப் ஒட்டினாள். அவளுடைய மாவுகள் மேல்தட்டில், எங்கள் கோதுமை மாவு கீழ்த்தட்டில். சிந்தினால் கீழே இருப்பது மேலே போகாது என்பதால். வெண்ணெய் இரண்டு, ஜாம் இரண்டு. ரொட்டித் துகள் ஒட்டிய கத்தியை ஒருமுறை உள்ளே விட்டால் அந்த ஜாடி அவளுக்கு ஆகாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் இரண்டு. மரக் கரண்டி, பலகை, சல்லடை, இடியாப்ப உரல், கீறல் விழுந்த நான்ஸ்டிக் சட்டி எல்லாம் அவளுக்குப் புதிது. அவளுக்கான சமையல் முதலில், எங்களுக்கானது பிறகு. சப்பாத்திக்கு மாவு பிசைந்தால் தூசி காற்றில் நின்று எங்கும் படியும் என்பதால் வீட்டில் சப்பாத்தியே நின்றுபோனது.

என் மனைவி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாள், தோசைக்கல்லைத் தவிர. அது பாட்டியின் கல். இரும்பு. அறுபது வருட எண்ணெய் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆனது. அதில் தோசையும் வார்த்திருக்கிறோம், சப்பாத்தியும் சுட்டிருக்கிறோம்.

"நெருப்புல காயுற கல்லு. அதுல என்ன கிருமி நிக்கும்?" என்றாள்.

"கிருமின்னா செத்திருக்கும் அத்தை. இது கிருமி இல்லையே, மாவு. மாவு சாகாது."

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அடுப்புச் சூடு குளூட்டனை அழிக்காது. கிருமிநாசினிக்கும் அது அசையாது. சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவி வெளியேற்றுவதுதான் வழி. கழுவ முடியாத துளையும் கீறலும் எண்ணெய்ப் படிவும் உள்ள பொருளென்றால் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். குழாயடியில் புளியும் சாம்பலுமாக உட்கார்ந்திருந்த மூன்று பெண்களை இந்த விஷயத்தில் டெட்டால் பாட்டிலால் வெல்ல முடியாது.

இவ்வளவு துல்லியம் தேவையா என்று நானும் கேட்டேன். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன், அளவு தெரியாமல் எதையும் நம்பமாட்டேன். அளவு இருந்தது. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் குளூட்டன் இல்லாதது என்று சொல்லக்கூடாது என்பது 2008-ல் கோடெக்ஸ் என்ற உலக உணவுத் தர அமைப்பு வகுத்த வரம்பு. 2007-ல் இத்தாலிய மருத்துவர் கார்லோ கட்டாசியும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் கெடத் தொடங்கியது. ஒரு துண்டு ரொட்டியில் இரண்டு கிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கும். அதாவது ஒரு துண்டின் நாற்பதில் ஒரு பங்குகூட வேண்டாம். கத்தியில் ஒட்டிய துகள்கள் தினமும் சேர்ந்தால் போதும்.

பயமும் சில சமயம் தேவைக்கு மேல் போகிறது. மருமகள் முதல் வேலையாகத் தனி டோஸ்டர் வாங்கினாள். சில ஆண்டுகளுக்கு முன் வாஷிங்டனில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்ததில், எல்லாரும் பயன்படுத்திய டோஸ்டரில் சுட்ட குளூட்டன் இல்லாத ரொட்டி அந்த 20-ஐத் தாண்டவில்லை. மாட்டிக்கொண்டது கொதிநீர். கோதுமைப் பாஸ்தா வெந்த தண்ணீரில் குளூட்டன் இல்லாத பாஸ்தாவை வேகவைத்தால், அது வரம்பைத் தாண்டியது. ஆய்வு சிறியது, பாஸ்தாவுக்கும் நமக்கும் தூரம். ஆனால் பினாங்கில் மீ கடையில் நின்றவர்களுக்கு இது சட்டென்று புரியும். மஞ்சள் மீயும் பீஹூனும் ஒரே அண்டாத் தண்ணீரில் முக்கி எழுகின்றன. பீஹூன் அரிசிதான், கொய்த்தியாவும் அரிசிதான். அந்தத் தண்ணீர்தான் கோதுமை. மேலே ஊற்றுகிற கிச்சாப்பிலும் பெரும்பாலும் சோயாவோடு கோதுமை சேர்ந்திருக்கும். மாமாக் கடைத் தோசைக்கு உளுந்தும் அரிசியும் அரைத்திருக்கலாம். வார்ப்பது ரொட்டி சானாய் போட்ட அதே தட்டில். மகனும் மருமகளும் ஒரு காலத்தில் வாரக் கடைசி முழுக்க மாமாக் கடையில் கழித்தவர்கள். இப்போது அவள் அங்கே தேநீர் மட்டும் குடிக்கிறாள்.

நம் சமையல் அரிசிச் சமையல், நமக்கென்ன கவலை என்று இருந்த என் மனைவிக்குச் சாம்பாரில் அடி விழுந்தது. பெருங்காயம். சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்; அசல் பிசினைத் தனியாகத் தாங்க முடியாது என்பதால் கோந்தும் மாவும் சேர்த்துக் கட்டுகிறார்கள். அந்த மாவு பல வேளை கோதுமை. டப்பாவைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படித்த அன்று என் மனைவி அதிகம் பேசவில்லை. அடுத்தது அரவை மில். தீபாவளி முறுக்குக்கு அரிசியை மில்லில் கொடுத்து வாங்குவோம். நமக்கு முன்னால் யார் எதை அரைத்தார்? கோதுமை அரைத்தவருடைய மிச்சம் நம் அரிசியில்தான் வரும். இப்போது முறுக்கு மாவு வீட்டு மிக்சியிலேயே, ஒரு ராத்திரி முழுக்க.

புரட்டாசிக்கு வருவோம். பாட்டியின் காலத்தில் வருடத்திலேயே சுத்தமான மாதம் அது. இப்போது எங்கள் வீட்டில் வருடத்திலேயே ஆபத்தான மாதம் அதுதான். விரதம் பிடிக்கிற என் மனைவி கீரையோடும் கத்தரிக்காயோடும் நிற்பதில்லை. சீனர் சைவக் கடையிலிருந்து சைவ மட்டன், சைவக் கோழி, சைவ மீன் எல்லாம் வந்து ஃப்ரீசரை நிறைக்கும். சைவ மட்டன் என்பது என்ன? சோயாவில் செய்ததும் உண்டு. பலவற்றில் முக்கியச் சரக்கு கோதுமை மாவைப் பிசைந்து, மாச்சத்தெல்லாம் போகத் தண்ணீரில் அலசி, மிஞ்சுகிற சவ்வு. அதாவது தனிக் குளூட்டன். சீன பௌத்த மடங்களின் பழைய சமையல் அது. ருசியில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கவுச்சியை விலக்கிய மாதத்தில், எங்கள் மருமகளுக்கு அசல் ஆட்டுக்கறி பத்தியம், சைவ மட்டன் விஷம். பாட்டியிடம் இதை விளக்கும் பொறுப்பு எனக்கு இல்லாமல் போனதற்கு நன்றி.

அப்பாவிடம் விளக்க வேண்டியிருந்தது. அவர் எதிர்ப்பார் என்றே எதிர்பார்த்தேன். பாத்திரத்தைப் பிரிப்பது என்றாலே அவருக்கு ஆகாது. காரணமும் வெறும் வாதப்பிரியம் அல்ல. பாட்டியின் இரட்டைகளில் கவுச்சியோடு சம்பந்தமில்லாத ஒன்றும் இருந்தது. லயத்துக் கக்கூசு சுத்தம் செய்ய வருகிறவருக்குத் தேநீர் ஊற்ற ஓர் அலுமினியக் குவளை. வாசல் தாழ்வாரத்தில் சொருகியிருக்கும். 1954 கடைசியில் பெரியார் இரண்டாம் முறையாக மலாயா வந்தார். அப்பாவுக்குப் பத்தொன்பது வயது. பேச்சைக் கேட்டுவிட்டு வந்த வேகத்தில் அந்தக் குவளையை எடுத்து, பாட்டி பார்க்க அதில் தண்ணீர் மொண்டு குடித்து, பிறகு சாக்கடையில் எறிந்தாராம். மறுவாரம் புதுக் குவளை வந்ததாம், அதையும் எறிந்தாராம். மூன்றாவது வரவில்லை. எங்கள் குடும்பத்தின் சீர்திருத்த வரலாறு முழுவதும் அவ்வளவுதான், ஆனாலும் அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆகவே பச்சை டேப்பைப் பார்த்ததும் அவர் கண் சுருங்கியது. மருமகளை அழைத்து எதிரே உட்கார வைத்தார்.

"இதெல்லாம் எதுக்கும்மா தனியா?"

"உங்க பாத்திரம் எனக்கு ஆகாது தாத்தா. என் பாத்திரத்துல நீங்க தாராளமா சாப்பிடலாம்."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவளுடைய தட்டிலேயே அவளுடைய இட்லியை வாங்கிச் சாப்பிட்டார். அன்றிலிருந்து அவர்தான் காவல். அந்தக் குவளை ஒரு மனிதரை வாசலில் நிறுத்தியது. இந்த டேப் ஒட்டியதால்தான் ஒரு பெண் எங்களோடு ஒரே மேசையில் பயமில்லாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். இரண்டும் பிரிவினைதானே என்று என்னிடம் ஒரு நண்பர் வாதாடினார். அவருக்கு நான் தேநீர் மட்டும் கொடுத்தேன், பதில் கொடுக்கவில்லை.

ஆனால் அப்பா தன் கட்சியை விட்டுக்கொடுப்பவர் அல்ல. "உங்க பாட்டி சொன்னது மூடநம்பிக்கை, இது அறிவியல்" என்பார். சொல்லிவிட்டு, ஸ்பாஞ்சை எடுத்து மூக்கில் வைத்து மோந்து பார்ப்பார். குளூட்டனுக்கு வாசனை இல்லை என்று பலமுறை சொல்லியாயிற்று.

மேல்தட்டில் அவள் வைத்திருக்கும் பொட்டலங்களைப் பார்க்கும்போதுதான் அப்பா உண்மையிலேயே தடுமாறுகிறார். மரவள்ளி மாவு, கேழ்வரகு, கம்பு, தினை. ஜப்பான்காரன் காலத்தில் அவர் சின்னப் பிள்ளை. அரிசி இல்லை, கோதுமை மாவு இல்லை. சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போனவர்கள் போக, லயத்தில் மிஞ்சியவர்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரோடிருந்தார்கள். அவித்த கிழங்கு, காய்ந்த கிழங்கு, கிழங்கு மாவில் களி. போர் முடிந்த பிறகு மரவள்ளியை வாயில் வைப்பதில்லை என்று சபதம் எடுத்த தலைமுறை அவருடையது. அதே மரவள்ளி இப்போது பளபளப்பான பையில், குளூட்டன் இல்லை என்ற முத்திரையோடு, பினாங்குத் தீவிலுள்ள பெரிய பேரங்காடியில் கோதுமை மாவைவிடப் பல மடங்கு வெள்ளிக்கு விற்கிறது. கேழ்வரகும் அப்படித்தான், ஆடிக் கூழுக்கு மட்டும் நினைவுக்கு வந்த ஏழைத் தானியத்துக்கு 2023-ல் ஐக்கிய நாடுகள் சபை ஓர் ஆண்டையே ஒதுக்கிச் சிறுதானிய ஆண்டு கொண்டாடியது.

இந்த நோய்க்கு விடை கிடைத்ததும் அதே போர்ப் பஞ்சத்தில்தான். ஹாலந்தில் ஹேக் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் வில்லெம் காரெல் டிக்கே என்ற மருத்துவருக்கு, தன் சின்ன நோயாளிகளைக் கெடுப்பது ரொட்டியோ என்று போருக்கு முன்பே சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் முற்றுகையால் அந்த நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டி இல்லை, டியூலிப் கிழங்கைத் தின்றார்கள். ஊரே மெலிந்தபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பியது, நோயும் திரும்பியது. 1950-ல் டிக்கே தன் ஆய்வேட்டில் கோதுமைமேல் குற்றத்தை நிலைநாட்டினார். அதற்கு முன் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர் 1924 முதல் வாழைப்பழ வைத்தியம் செய்து புகழ் பெற்றிருந்தார். குழந்தைகள் பிழைத்தது வாழைப்பழத்தால் அல்ல, அந்தப் பத்தியத்தில் ரொட்டி இல்லாததால். ஹாலந்துக் குழந்தைகள் டியூலிப் கிழங்கில் தேறிய அதே மாதங்களில் மலாயாவும் மரவள்ளியில் குளூட்டன் இல்லாமல்தான் வாழ்ந்தது. அந்த நன்மைக்காக ஜப்பான்காரனை வாழ்த்தியவர் எங்கள் லயத்தில் யாருமில்லை.

"நம்ம ஆளுங்களுக்கு இந்த நோயெல்லாம் வராதே, இது வெள்ளைக்காரன் நோயாச்சே" என்று பலர் கேட்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய பி. எஸ். ராமகிருஷ்ணா தலைமையில் 2016-ல் வெளியான இந்திய ஆய்வு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. இருபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்குச் சீலியாக்; தெற்கே 0.10. அப்படியானால் தெற்கத்தி உடம்பு வேறா? இல்லை. நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு வகை இரு பக்கமும் மூன்றில் ஒருவருக்குக் குறையாமல் இருந்தது. வித்தியாசம் தட்டில். வடக்கே ஒருவர் நாளைக்குச் சராசரி 455 கிராம் கோதுமை தின்றார், தெற்கே 25 கிராம். வேலூர்க்காரரைக் காத்தது அவர் அரிசிப்பானை. கப்பலேறி வந்த எங்களிடம் மரபணு அதேதான் இருக்கிறது. தட்டு மட்டும் மாமாக் கடைத் தட்டாகிவிட்டது. 2015-ல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மலேசியாவில் 562 இளைஞர்களின் இரத்தத்தைப் பார்த்தபோது நூற்றுக்கு 1.25 பேரிடம் சீலியாக்குக்குரிய எதிர்ப்பொருள்கள் இருந்தன. அத்தனை பேரும் ஆரோக்கியமானவர்கள் என்று கருதிச் சேர்க்கப்பட்டவர்கள். எதிர்ப்பொருள் இருந்தாலே நோய் என்று ஆகாது. ஆனால் வெள்ளைக்காரன் நோய் என்ற பேச்சை இதற்குமேல் நீட்ட முடியாது.

மருமகள் தேறிவிட்டாள். அந்த ஒரு சேதிக்காகத்தான் இத்தனை டேப்பும். இரத்தம் ஏறியது, கன்னத்தில் நிறம் வந்தது, மாத்திரை நின்றது. அடுப்படிச் சண்டைகள் நிற்கவில்லை. தன் தோசைக்கல்லுக்கு ஈடாக மனைவி கேட்டது புதுக் கிரைண்டர், கிடைத்தது. பாட்டியின் கல்லில் இப்போது எனக்கும் மகனுக்கும் சப்பாத்தி, அதுவும் வீட்டுக்குப் பின்னால், கேஸ் அடுப்பை வெளியே தூக்கிப் போய், மாவு தூசி பறக்கும் என்பதால். ஒரு காலத்தில் அப்படி வெளியே போய்ச் சமைக்கப்பட்டது மீன் குழம்பு.

விருந்தினரைத்தான் சமாளிக்க முடியவில்லை. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. பிஸ்கட் டின், கேக், தாப்பாவ் கட்டிய மீ கோரேங். அன்பாக வருவதை எந்தத் தட்டில் வைப்பது? போன தீபாவளிக்கு அப்பா வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர் ஒவ்வொருவர் கையிலிருந்ததையும் விசாரித்து உள்ளே விட்டார். பலகாரம் வேறு மேசை, விருந்தினர் கொண்டுவந்தது வேறு மேசை. "கொஞ்சூண்டு தின்னா என்ன ஆகப் போகுது" என்று மருமகளிடம் ஒரு துண்டு கேக்கை நீட்டிய உறவுக்கார அம்மாவை அவர் திட்டிய திட்டில், அந்த அம்மா இன்னும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை என்பது அப்பாவின் கட்சி. எனக்கும் அதுவே.

இந்தத் தீபாவளிக்கு வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பழம் கொண்டுவாருங்கள். முழுப் பழமாக, நறுக்காமல். உங்கள் வீட்டில் யாருக்காவது எத்தனை மாத்திரை விழுங்கியும் இரத்தம் ஏறவில்லையென்றால், வயிற்று உப்புசம் வருடக் கணக்கில் தீரவில்லையென்றால், சீலியாக்குக்கான இரத்தப் பரிசோதனை உண்டா என்று டாக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள். ஒருவருக்கு உறுதியானால் கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பேத்தியையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். முன்கூட்டியே நிறுத்தினால் நோய் இருந்தும் இரத்தம் இல்லையென்று பொய் சொல்லிவிடும்.